சிக்னல் வீட்டு முகுந்தன்

முற்றும் என்று போட்டது நான்தான். அந்த வார்த்தையை மட்டும் போட்டுவிடாதீர்கள் என்று ஜெபசெல்வி ஆறு தடவை சொல்லியிருந்தாள். அப்படியும் போட்டேன். அதற்காக யார்மேலும் பழி போடமாட்டேன், சீரியல் கம்பெனிக்காரனைத் தவிர.

என் பேர் தெய்வசிகாமணி. வயது எழுபத்திரண்டு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் எனக்குப் போதும் என்று என் அப்பன் முடிவு செய்தான். கோயமுத்தூர் கணபதியில் ஒரு பம்புசெட் கம்பெனியில் முப்பத்தெட்டு வருஷம் மோட்டாருக்குச் செம்புக்கம்பியைக் காயிலாகச் சுற்றினேன். இப்போது கதை எழுதுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வரட்டும்.

சொந்தக் கதை இல்லை. டிவியில் ஏழரை மணிக்கு வருகிற 'சிக்னல் வீடு' சீரியலில் இருக்கிற ஆட்களை எடுத்துக்கொண்டு, சீரியலில் காட்டாததை நான் எழுதுவேன். அதற்குக் கிளைக்கதை என்று பேர். எழுதுகிறவர்கள் கிளைக்காரர்கள். எனக்குத் தெரிந்து பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள்தான். எழுபது தாண்டிய கிழவன் அதில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

என் நாள் இப்படிப் போகும். காலையில் எழுந்ததும் மொட்டை மாடியில் பெயிண்ட் வாளிகளில் வைத்திருக்கிற மிளகாய்ச் செடிகளுக்குத் தண்ணீர். சிமெண்டுத் தொட்டியில் கப்பி மீன்களுக்கு ஒரு சிட்டிகை தவிடு. பிறகு கோமளாவை எழுப்பிப் பல் விளக்கிவிட்டு, வெந்நீர் ஊற்றி, தலை சீவிவிட்டு, இட்லியை ஊட்டவேண்டும். கோமளா என் சம்சாரம். அவளுக்கு மறதி நோய் வந்து நாலு வருஷம். பத்து மணிக்கு அவள் கண்ணயர்ந்ததும் அடுப்படி மேடையில், கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பிப்பேன். பன்னிரண்டு மணிக்குள் ஒன்றரைப் பக்கம் வந்தால் அது நல்ல நாள். எழுதியதைப் போனில் வாசித்தால் அதுவே எழுத்தாக்கி மேலே ஏற்றிவிடும். காயில் சுற்றிச் சுற்றி என் விரல்கள் தடித்துப்போயின. ஒரு எழுத்தை அமுக்கினால் மூன்று விழும்.

இந்த வேலையில் ஏன் இறங்கினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு ஒரே பையன், கிஷோர். லேத்துப் பட்டறையில் வேலை. சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவிநாசி ரோட்டில் தண்ணி லாரி அடித்துச் செத்துப்போனான். கோமளாவுக்கு நோய் முற்றியதும், அவளுடைய தலைக்குள் அந்த ஒரு நாள் மட்டும் அழிந்துபோனது. ஐந்து மணி ஆனால் வாசலைப் பார்த்துக்கொண்டு கேட்பாள்.

"ஏனுங்க, கிஷோர இன்னும் காணோமே?"

எனக்குப் பொய் பேச வராது. உள்ளதைச் சொன்னேன்.

"தண்ணி லாரி அடிச்சு அவன் போயி ஒம்பது வருசமாச்சு கோமளா. நீதான் அவன் சட்டையையெல்லாம் எடுத்துக் குடுத்தே."

அப்போதுதான் முதல்முதலாகக் கேட்கிற மாதிரி தரையில் விழுந்து புரண்டாள். "அன்னைக்கு மத்தியானச் சோறு கட்டிக் குடுக்கலையே சாமி" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்லி அழுதாள். மறுநாள் எல்லாம் மறந்துவிட்டது. ஐந்து மணிக்கு மறுபடியும் கேட்டாள். நானும் மறுபடியும் சொன்னேன். இப்படி நாலு நாள். நாலு தடவை நான் அவள் பிள்ளையைச் சாகடித்தேன். டாக்டரிடம் போனபோது, "மனசு சமாதானமாகற மாதிரி ஏதாவது சொல்லி வைங்க" என்றார். "அந்த ஏதாவத நீங்களே சொல்லிக் குடுங்க" என்றேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அந்தச் சமயத்தில் வீட்டில் சீரியல் பெட்டி இருந்தது. சீரியல் கம்பெனி ஓசியில் மாட்டிவிட்டுப் போனது. ஓசியில் வருகிற எதையும் நான் நம்புகிறவன் இல்லை. மாட்டிய அன்றே அதன் கேமராக் கண்ணில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டேன்.

சிக்னல் வீடு, ரயில்வே கேட்டை ஒட்டிய ஒரு குடும்பத்தின் கதை. அப்பா ஏகாம்பரம் கேட்கீப்பர். அம்மா லோகநாயகி. இரண்டாவது மகன் முகுந்தன். அவன் பதினோரு நாள்தான் சீரியலில் வந்தான். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு, ஒரு பையைத் தூக்கி மங்களூர் ரயிலில் ஏறினான். அதோடு சரி. பிறகு அவன் பேச்சையே எடுக்கவில்லை. சீரியலை உண்டாக்குகிறது மெஷின். ஆள், குரல், நடிப்பு எல்லாமே அதுதான். ஆனால் அதுவும் மறந்துவிட்டது. பார்க்கிற ஜனமும் மறந்துவிட்டது. சாப்பிட்டோமா இல்லையா என்று தெரியாத கோமளா மட்டும் மறக்கவில்லை.

"அந்த முகுந்தன் பையன் அம்மாவுக்கு ஒரு போன் பண்ணக் கூடாதுங்களா?" என்றாள் ஒருநாள்.

அன்றைக்கு ஐந்து மணிக்கு அவள் கிஷோரைக் கேட்கவில்லை. முகுந்தனைக் கேட்டாள். மறுநாள் கிஷோரைக் கேட்டாள். அதற்கு மறுநாள் இரண்டு பேரும் அவளுக்கு ஒருத்தனாகிப் போனார்கள்.

அதற்கப்புறம்தான் கிளைக்கதை என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்தது. நீங்கள் ஒரு கிளை எழுதினால், பெட்டி அதைப் படமாக்கி உங்கள் வீட்டில் மட்டும் காட்டும். அதே முகம், அதே குரல், அதே ரயில்வே கேட். பிடித்தவர்கள் தங்கள் வீட்டிலும் போட்டுப் பார்க்கலாம். முதல் கதையை மூன்று நாள் எழுதினேன். முகுந்தன் மங்களூரிலிருந்து ஐந்து மணிக்கு அம்மாவுக்குப் போன் செய்கிறான். "அம்மா, மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்கிறான். அவ்வளவுதான் கதை.

பெட்டி அதைக் காட்டியது. முகுந்தன் திரையைப் பார்த்துக் கேட்டான். கோமளா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இல்ல சாமி. இதா இப்பப் போடறேன்" என்றாள். என் கையிலிருந்த மாத்திரையை வாங்கி விழுங்கினாள். ஒரு மாதமாகத் துப்பிக்கொண்டிருந்தவள்.

அன்றிலிருந்து தினமும் எழுதினேன். முகுந்தன் சாப்பிடச் சொல்வான், குளிக்கச் சொல்வான், கதவைத் திறந்துகொண்டு ரோட்டுக்குப் போகாதீர்கள் என்பான். கோமளா அவனோடு பேசுவாள். "வெறும் வவுத்துல மாத்திர போட்டா எரியுது சாமி" என்பாள். மறுநாள் நான் அதற்குப் பதில் எழுதுவேன். எழுத எழுத முகுந்தன் கிஷோர் ஆகிக்கொண்டே வந்தான். இடது புருவத்தின்மேல் தழும்பு வைத்தேன். அப்பளத்தை முதலில் நொறுக்கிச் சோற்றின்மேல் தூவிக்கொள்வான் என்று எழுதினேன். பொய் சொல்லும்போது காதுமடலைத் தேய்ப்பான் என்று எழுதினேன். மங்களூரில் வேலை நன்றாக இருக்கிறது என்று அவன் சொல்கிறபோதெல்லாம் கை காதுக்குப் போகும். மெஷின் அதை நன்றாகவே செய்தது.

ஜெபசெல்வி தூத்துக்குடிக்காரி. இறால் கம்பெனியில் இறால் உரிக்கிறவள். முப்பத்தைந்து வயதிருக்கும். சாப்பாட்டு நேரத்தில் கையுறையைக் கழற்றிவிட்டுக் கதை எழுதுவாள். தன் கிளையில் கேட்கீப்பரின் தங்கை விஜயாவுக்கும் ஸ்டேஷன் மாஸ்டருக்கும் ஏழு வருஷமாகக் காதல் நடத்திக்கொண்டிருக்கிறாள். என் கதையைப் பார்த்துவிட்டு அவளாகவே போன் செய்தாள்.

"முகுந்தன் கிளை எழுதுதது நீங்கதானா? நான் எதோ காலேஜ் பிள்ளைன்னுலா நெனச்சேன்."

"ஏன், கிழவன் எழுதக் கூடாதா?"

"எழுதுங்க அண்ணாச்சி, யாரு வேண்டாங்கா? ஆனா அந்தப் பயலுக்கு ஒரு பொண்ணைப் பாக்கக் கூடாதா? எந்நேரமும் அம்மாட்ட மாத்திரை போட்டீங்களா, மாத்திரை போட்டீங்களான்னு. மருந்துக்கடைக்காரன் மாதிரியில்லா இருக்கான்."

காரணத்தைச் சொன்னேன். "அப்ப அவன் மருந்துக்கடைக்காரனாவே இருக்கட்டும்" என்றாள்.

அவள்தான் அந்த வழக்கத்தைச் சொன்னாள்.

"ஒண்ணு மட்டும் பாத்துக்கிடுங்க. கடைசியில முற்றும்னு போட்டுராதீங்க. கிளைக்காரங்க யாரும் போடமாட்டோம்."

"ஏன்?"

"முடியாத கதைய மெஷின் தொடாது. எங்க ஆரம்பிச்சு எங்க முடிஞ்சிதுன்னு தெரிஞ்சாத்தான் சனங்க எங்க அழுவாங்க, எங்க சிரிப்பாங்கன்னு அதுக்குப் புடிபடும். முற்றும்னு போட்டா அன்னைக்கே அள்ளிட்டுப் போயிரும். பொறவு அது கம்பெனிக் கதை. நமக்கு ஒரு வரி மாத்த முடியாது. அதான் என் விஜயாக்காவுக்கு இன்னும் கல்யாணம் ஆவல. நாளைக்கிப் பேரப்பிள்ளை பொறந்தாலும் 'தொடரும்'தான்."

"திருடனுக்குப் பயந்து கதவே வைக்காம வீடு கட்டற மாதிரி இருக்குது."

"ஆமா. அப்படித்தான் குடியிருக்கோம்."

ஒன்றரை வருஷம் அவள் சொன்னபடி இருந்தேன். என் முகுந்தனை ஊரில் நிறையப் பேர் தங்கள் வீட்டுக்கும் கொண்டுபோனார்கள். வயசான அம்மா அப்பா இருக்கிற வீடுகள். எத்தனை பேர் என்று நான் பார்க்கவில்லை. ஐந்து மணிக்குக் கோமளா மாத்திரை போட்டால் எனக்குப் போதும்.

போன சித்திரையில் ஒருநாள், எழுதியதைப் போனில் வாசித்துக்கொண்டிருந்தேன். தூங்குகிறாள் என்று நினைத்த கோமளா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் கண்ணில் ஒரு தெளிவு இருந்தது. எப்போதாவது வரும், வந்த வேகத்தில் போய்விடும்.

"நீங்கதான் எழுதறீங்களா?"

"ஆமா."

"அப்ப அவன ஊட்டுக்கு வரச்சொல்லிப் போடுங்க. போன்லயே எத்தன நாளைக்குப் பேசறது? வந்தா வந்ததுதான்னு இருக்கோணும். மறுக்கா அவன் எங்கயும் போகக்கூடாது."

சொல்லிவிட்டுத் திரும்பிப்போய்ப் படுத்துக்கொண்டாள். என்னிடம் ரொம்ப வருஷத்துக்குப் பிறகு அவள் கேட்டது அது ஒன்றுதான்.

பதினான்கு காலண்டர் தாள் எழுதினேன். மங்களூர் ரயில் வருகிறது. சிக்னல் விழாமல் கேட்டருகே நின்றுவிடுகிறது. பச்சைக்கொடியோடு நிற்கிற ஏகாம்பரம், மூன்றாவது பெட்டி வாசலில் மகனைப் பார்க்கிறார். முகுந்தன் ஸ்டேஷன்வரை போகாமல் அங்கேயே குதித்து இறங்குகிறான். அப்பா அவன் பையை வாங்கிக்கொள்கிறார். அம்மா இலை போடுகிறாள். அப்பளத்தை நொறுக்கித் தூவிக்கொள்கிறான். கை கழுவிவிட்டு, "இனிமே எங்கயும் போகலம்மா" என்கிறான். அப்போது அவன் கை காதுக்குப் போகவில்லை.

அதன் கீழே முற்றும் என்று எழுதினேன். போனிலும் வாசித்தேன்.

ஜெபசெல்வி சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை. ஆனால் நான் காயில் சுற்றுகிறவன். கடைசிச் சுற்று முடிந்ததும் முனையை இழுத்து நூலால் கட்டவேண்டும். கட்டாத முனை ஒருநாள் அசைந்து பக்கத்துக் கம்பியில் உரசும். மோட்டார் புகைந்துவிடும். முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு முனையைக்கூட நான் கட்டாமல் விட்டதில்லை. 'தொடரும்' என்று போட்டால் அவன் மறுபடியும் போவதற்கு வாசலைத் திறந்து வைத்த மாதிரி எனக்குத் தோன்றியது. அவன் போகக்கூடாது என்று கோமளா சொன்னாள். கட்டினேன்.

கோமளா அந்தக் கதையை மூன்று நாள் போட்டுப் போட்டுப் பார்த்தாள். மூன்று நாளும் வாசலைப் பார்க்கவில்லை.

நாலாம் நாள் போன் வந்தது.

"வணக்கம் ஐயா. சிக்னல் வீடு கதைப்பிரிவுல இருந்து மாதேஷ் பேசறேன். வாழ்த்துகள்."

"நீ ஆளா, மெஷினா?"

"ஆள்தாங்க ஐயா."

"எங்க, இருமு பாக்கலாம்."

இருமினான். மெஷினும் இருமும் என்று பிறகுதான் தோன்றியது. இன்றைக்கு வரைக்கும் எனக்கு அது தெரியாது.

"உங்க முகுந்தன் கிளையை மூலக்கதையில சேர்த்திருக்கோம். வர்ற திங்கக்கிழமை அவன் வீட்டுக்கு வர்றான். ஐம்பது லட்சம் வீட்டுல பார்ப்பாங்க. உங்களுக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் அனுப்பறோம்."

"பத்திரம் கெடக்கட்டும். அவன் வந்து அங்கயே இருப்பானா?"

அவன் கொஞ்சம் இழுத்தான்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் இருப்பான் ஐயா."

"பொறகு?"

"அவன்மேல ஜனங்களுக்கு அவ்வளவு பாசம் இருக்கு. இவ்வளவு பாசம் சேர்ந்த ஒரு ஆள் போனாத்தான் அடுத்த ரெண்டு மாசம் வீட்டுல யாரும் சேனலை மாத்தமாட்டாங்கன்னு மெஷின் சொல்லுது. நான் வேண்டாம்னு சொல்லிப் பார்த்தேன். அது நம்ம பேச்சைக் கேக்காதுங்க. ஜனங்க கண்ணுல தண்ணி எப்ப வருதுன்னு மட்டும்தான் பார்க்கும்."

"இங்க ஒருத்தி இருக்கறாப்பா. அவளுக்கு அவன் டிவி ஆள் இல்ல, பெத்த பையன். ஏற்கெனவே நாலு தடவ அவனப் பறிகுடுத்தவ. என்ற ஊட்டுக்கு மட்டுமாவது பழைய கதையவே விட்டுரு."

"முற்றும் போட்டு மூலக்கதையில சேர்ந்த கிளைய இனி வீட்டுல தனியா ஓட்ட முடியாதுங்க ஐயா. நிபந்தனையில இருக்கு. நீங்க சம்மதம்னு தொட்டிருக்கீங்க."

தொட்டிருப்பேன். பெட்டி மாட்ட வந்தவன் அன்றைக்கு எத்தனையோ இடத்தில் தொடச்சொன்னான். எதையும் நம்பாதவன் என்று சொல்லிக்கொள்கிற நான் அதில் ஒன்றையும் படிக்கவில்லை. நாற்பது பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படிக்க எனக்கு ஒரு வாரம் ஆகும்.

திங்கட்கிழமை ஏழரைக்கு முகுந்தன் வந்தான். நான் எழுதியபடிதான் குதித்து இறங்கினான். லோகநாயகி இலை போட்டுவிட்டு அவன் முகத்தைத் தடவி, "வெறும் வவுத்துல மாத்திர போட்டா எரியுது சாமி" என்றாள்.

நான் அதை எழுதியதே இல்லை.

கோமளா என் பக்கம் திரும்பினாள். "அவ என்னையாட்டவே பேசறாளுங்க" என்றாள். அவளுக்குச் சந்தோஷம்தான். நான் எழுந்துபோய்ப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். கேமராக் கண்ணில் டேப் அப்படியே இருந்தது. அடிப்பக்கத்தில் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. கண்ணை மூடியவன் காதை மூடாமல் விட்டிருக்கிறேன்.

மறுநாள் காலையில் வேறு கதை எழுத உட்கார்ந்தேன். பேரை மாற்றி, ஊரை மாற்றி, பாலாஜி என்று ஒரு பையன். ஐந்து மணிக்கு அம்மாவுக்குப் போன் செய்கிறான். வாசித்து முடித்ததும் பெட்டி பேசியது. புருவத் தழும்பும், அப்பளத்தை நொறுக்குவதும், காதைத் தேய்ப்பதும் முகுந்தன் பாத்திரத்துக்கு உரியவை, கம்பெனிக்குச் சொந்தமானவை, வேறு ஆளுக்கு வைக்க முடியாது என்றது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு எழுதினேன். மொழுமொழுவென்று ஒரு பையன் வந்து நின்று, "அம்மா, மாத்திரை போட்டீங்களா?" என்றான்.

"இதாருங்க?" என்றாள் கோமளா. மாத்திரையைத் துப்பிவிட்டாள்.

ஜெபசெல்வியைக் கூப்பிட்டேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினாள்.

"கோட்டி புடிச்சிருக்கா ஒங்களுக்கு? ஆறு தடவை சொன்னேம்லா?"

"சொன்னே."

"பொறவு?"

"முனையக் கட்டணும்னு கட்டிட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை. இருந்தாலும் குரல் இறங்கிவிட்டது. "சரி விடுங்க. வெள்ளிக்கிழமை டிவிய போடாதீங்க. அவ்வளவுதானே?"

"போன வருசம் ரெண்டு நாள் பெட்டி கெட்டுப்போச்சு. ரெண்டாம் நாளு நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள அவ ரோட்டுக்குப் போயிட்டா. கணபதி பஸ் ஸ்டாப்புல நின்னுட்டு, வர்ற பஸ்ஸுல எல்லாம் ஏறி, என்ற பையன் இருக்கறானான்னு கேட்டுட்டு இருந்தா. அவன் வரலேன்னா அவளே தேடிப் போயிருவா. வந்தா வெள்ளிக்கிழமை கண்ணு முன்னால சாவான். இதுல எதப் பண்ணட்டும்? சொல்லு."

"எனக்குத் தெரியல அண்ணாச்சி" என்றாள். என்னிடம் யாரும் இவ்வளவு நேர்மையாகப் பேசி ரொம்ப நாளாகிறது.

புதனும் வியாழனும் கோமளா ஏழரை மணிக்குத் திரையில் முகுந்தன் சிரிக்கிறதைப் பார்த்துக்கொண்டு மாத்திரை போட்டாள். நான் அவனைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் தூங்கும்போது பெட்டியைக் கழற்றினேன். உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. கட்டைவிரல் அளவுக்கு ஒரு காயில், மயிரளவு மெல்லிய கம்பியால் சுற்றியது. மோசமான சுற்று, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. கத்திரியால் இரண்டு இடத்தில் வெட்டினேன். என் வாழ்நாளில் ஒரு காயிலை நான் வெட்டியது அதுதான் முதல் தடவை. வாசல் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

ஏழரைக்குக் கோமளா வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். திரை கறுப்பாக இருந்தது.

"ஏனுங்க, படம் வல்லியே?"

"பெட்டி கெட்டுப்போச்சு."

"முகுந்தன் வருவானே இப்ப."

"நான் சொல்றேன், கேளு" என்று ஒரு ஸ்டூலை இழுத்து அவள் எதிரில் உட்கார்ந்தேன். எழுதின கதையைத்தான் அள்ளிக்கொண்டு போவான். வாயால் சொல்வதை எவன் எடுப்பான் என்று ஒரு வீம்பு. தாளைப் பார்க்காமல் சொன்னேன். இன்றைக்கு முகுந்தனுக்குப் பட்டறையில் வேலை அதிகம். வர நேரமாகும். ராத்திரிச் சோறு எடுத்து வைக்கச் சொன்னான். அம்மாவை மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கச் சொன்னான். நல்லா இருக்கிறான். சந்தோஷமாக இருக்கிறான்.

கோமளா முன்னால் குனிந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"காத உடுங்க" என்றாள்.

என் இடது கை காதுமடலில் இருந்தது. எப்போது போனது என்று எனக்குத் தெரியாது.

"கல்யாணம் ஆன வருசத்துல இருந்து பாக்கறேன். பொய் சொன்னா உங்க கை அங்க போயிரும். சீட்டு வெளையாடிட்டு வந்து ஓவர்டைம்னு சொல்லுவீங்களே, அன்னைக்குப் புடிச்சு. கிஷோருக்கு அந்தப் பழக்கம் கெடையாது. அவன் பொய் சொன்னா என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லுவான். உங்க பழக்கம் அந்த டிவிக்காரப் பையனுக்கு எப்படி வந்துச்சுன்னு நானும் யோசன பண்ணிட்டேதான் இருந்தேன்."

அந்தத் தெளிவு அவள் கண்ணில் இருந்தது.

"அவன் கிஷோர் இல்லேன்னு உனக்குத் தெரியுமா?"

"சில நேரம் தெரியுமுங்க. சில நேரம் தெரியாது. தெரியறப்ப உங்ககிட்டக் கேக்கறதில்ல. நீங்க பொறுப்பா எழுதிட்டு இருக்கறீங்க, எதுக்குன்னு."

காதிலிருந்து கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"கிஷோர் இல்லதானுங்களே?"

"இல்ல, கோமளா."

இந்தத் தடவை அவள் தரையில் விழவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் குலுங்கினாள். நான் அவள் முழங்காலில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளங்கையை நீட்டினாள். மாத்திரையைக் கொடுத்தேன். போட்டுக்கொண்டாள்.

"காலைல எந்திரிச்சா எனக்கு இது ஒண்ணும் நெனப்பு இருக்காது" என்றாள். "நாளைக்குக் கேட்டன்னா, வந்துட்டு இருக்கறான்னே சொல்லுங்க. காதத் தொடாம சொல்லுங்க."

சனிக்கிழமை காலையில் ஜெபசெல்வி பேசினாள். இறால் கம்பெனியில் பாதிப் பேர் கண் வீங்கித்தான் வந்திருக்கிறார்களாம்.

"பாக்காததே நல்லது அண்ணாச்சி. கேட்டுல ரயில் மோதும்னுலா நெனச்சோம். இல்ல. ரோட்டுல தண்ணி லாரி அடிச்சிட்டு. நீங்க அந்த மாதிரி ஒண்ணும் எழுதலையே?"

"எழுதல."

"அந்த அம்மா விழுந்து பெரண்டு அழுதா பாருங்க. மெஷினுக்கு இதெல்லாம் எங்கருந்துதான் வருதோ. 'அன்னைக்கு மத்தியானச் சோறு கட்டிக் குடுக்கலையே சாமி'ன்னு அதையே சொல்லிச் சொல்லி அழுதா. எனக்குத் தாங்கல."

கிஷோர் போனதைக் கோமளாவிடம் நான் சொன்ன அந்த நாலு நாளும் பெட்டி அலமாரியில்தான் இருந்தது. அதை நான் ஜெபசெல்வியிடம் சொல்லவில்லை. "சரிம்மா, கோமளா எந்திரிச்சிட்டா" என்று போனை வைத்தேன். ஐம்பது லட்சம் வீட்டில் முன்பின் தெரியாதவர்கள் என் பெண்டாட்டியின் அழுகையைப் பார்த்து அழுதிருக்கிறார்கள். பத்திரம் தபாலில் வந்தது. பிரிக்காமல் மிளகாய் வாளிக்கு அடியில் வைத்திருக்கிறேன், தண்ணீர் ஒழுகாமல் இருக்க.

இப்போது நான் எதையும் போனில் வாசிக்கிறதில்லை. இதையும் காலண்டர் தாளில் எழுதித்தான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி ஆனதும் கோமளா வாசலைப் பார்த்தாள்.

"ஏனுங்க, கிஷோர இன்னும் காணோமே?"

நான் அவள் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்த்து, வந்துகொண்டே இருக்கிறான் என்றேன்.